65 அங்குல மழை, ஆறே நாளில் வறட்சி

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து வரைபடத்தில் அடிப்பக்கம் இரண்டு கால்கள் கடலுக்குள் நீண்டிருக்கும். மேற்குக் கால் மொபைல் கவுண்டி, கிழக்குக் கால் பால்ட்வின் கவுண்டி. கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. இரண்டுக்கும் நடுவே மொபைல் விரிகுடா. பால்ட்வினுக்குத் தெற்கே மெக்சிகோ வளைகுடா, கிழக்கே பெர்டிடோ ஆறு. ஆற்றைத் தாண்டினால் ஃப்ளோரிடா. மூன்று பக்கம் தண்ணீர், தலைக்கு மேலே ஈரக்காற்று. கடலோரத்தில் கல்ஃப் ஷோர்ஸும் விரிகுடாக் கரையில் ஃபேர்ஹோப், டாஃப்னியும் வருடத்துக்கு வருடம் பெருத்துக்கொண்டே போகின்றன. நடுப்பகுதியில் ராபர்ட்ஸ்டேல், சம்மர்டேல், சில்வர்ஹில், எல்பெர்ட்டா பக்கம் இன்னும் கடலைக்காடு, பருத்தி, மக்காச்சோளம், பீக்கன் என்ற கொட்டை மரத் தோப்பு, பாளம் பாளமாக வெட்டி விற்கும் புல்தரைப் பண்ணைகள். வடக்கே பே மினெட்டைக் கடந்துவிட்டால் பைன் காடுதான்.

பால்ட்வின் கவுண்டியில் ஆண்டுக்கு 65 அங்குலத்தை ஒட்டி மழை பெய்கிறது. மில்லிமீட்டரில் சொன்னால் சுமார் 1,650. அமெரிக்கப் பெருநிலப்பரப்பில் மழை அதிகம் பெறும் நகரங்களைப் பட்டியல் போட்டால், விரிகுடாவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் மொபைல் நகரம் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். எப்போதும் குடையோடு திரியும் ஊர் என்று பேர் வாங்கிய சியாட்டிலுக்கு 40 அங்குலம்கூடக் கிடையாது. சியாட்டில் நாள்கணக்கில் சிணுங்கும். இங்கே ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு வெயில் அடிக்கும்.

அப்படிக் கொட்டும் ஊரில் மே மாதம் போய்ப் பார்த்தால், மக்காச்சோள வயலில் 400 மீட்டர் நீளச் சுழல் பாசனக் குழாய், ஒரு முனையை நடுவில் ஊன்றிக்கொண்டு, வட்டமாகச் சுற்றித் தண்ணீர் தெளித்தபடி இரவும் பகலும் நகர்ந்துகொண்டிருக்கும். முதல்முறை பார்ப்பவர்களுக்கு இது வீண்செலவாகத் தெரியும். வீண்செலவு இல்லை. 65 என்ற எண் நிலம் விற்கும் விளம்பரத்துக்கு ஆகும், பயிருக்கு ஆகாது. பயிருக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான்: போன மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவே எத்தனை நாள்?

மழை எங்கிருந்து வருகிறது என்பதில் தொடங்கினால் இடைவெளியின் காரணமும் புரியும். நாம் பழகிய பருவமழை மாதிரி, இன்ன மாதம் தொடங்கி இன்ன மாதம் முடியும் என்ற ஏற்பாடு இங்கே இல்லை. பன்னிரண்டு மாதமும் மழை உண்டு. ஜூலை, ஆகஸ்டில் மாதத்துக்கு 7 அங்குலத்தை ஒட்டி. மிகக் குறைவான அக்டோபரிலும் 3, 4 அங்குலம். மாதச் சராசரிகளை வரைந்து பார்த்தால் மேடு பள்ளம் அதிகம் தெரியாது. ஆனால் கோடையின் 1 அங்குலமும் குளிர்காலத்தின் 1 அங்குலமும் ஒரே பொருள் அல்ல. வருகிற வழி வேறு, பெய்கிற விதம் வேறு, மண்ணில் தங்குகிற காலம் வேறு.

கோடை மழை கடற்காற்றின் வேலை. காலை பத்து, பதினொரு மணிக்கு நிலம் சூடேறி மேலே எழும் காற்றின் இடத்தை நிரப்ப, 29, 30 பாகை வெப்பத்தில் கிடக்கும் வளைகுடாவிலிருந்து ஈரக்காற்று உள்ளே வரும். தெற்கிலிருந்து வளைகுடாக் காற்று, மேற்கிலிருந்து விரிகுடாக் காற்று. இரண்டும் கவுண்டிக்கு நடுவே எங்கோ முட்டிக்கொள்ளும். முட்டும் இடத்தில் காற்றுக்கு மேலே போவதைத் தவிர வழி இல்லை. மதியம் ஒரு மணிக்குக் காலிஃபிளவர் மாதிரி வெள்ளையாகக் குமியும் மேகம், மூன்று மணிக்கு அடி கறுத்து இடிக்க ஆரம்பிக்கும். பெய்யும் இடத்தில் 40 நிமிடத்தில் 2 அங்குலம். வேலிக்கு அந்தப் பக்கம் புழுதி பறக்கும்.

எங்கே முட்டும் என்பதைக் காலையிலேயே ஓரளவு சொல்லிவிடலாம். விடியற்காலைக் காற்று வடக்கிலிருந்து மெல்ல வீசினால், கடற்காற்றை அது தடுத்துக் கடலோரத்திலேயே நிறுத்திவிடும். அன்றைக்கு மழை ஃபோலிக்கும் கல்ஃப் ஷோர்ஸுக்கும். காற்று தெற்கிலிருந்து என்றால் முட்டுமிடம் உள்ளே தள்ளப்படும்; ஐ-10 நெடுஞ்சாலைக்கு வடக்கே இடிக்கும், கடற்கரையில் வெயில். ‘மழைக்கு 50 சதவீத வாய்ப்பு’ என்று வானிலை அறிக்கை சொல்வதைப் பாதி நாள் பெய்யும் என்றோ பாதி ஊரில் கட்டாயம் பெய்யும் என்றோ எடுத்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் நிற்கிற அந்த ஒரு புள்ளியில் 0.01 அங்குலமாவது பெய்ய, இரண்டில் ஒன்று வாய்ப்பு, அவ்வளவே. எவ்வளவு பெய்யும் என்பதைப் பற்றி அந்த எண் வாயே திறப்பதில்லை. இரண்டு நாள் தொடர்ந்து 50 சதவீதம் என்று கேட்டு, நீர் பாய்ச்சுவதைத் தள்ளிப்போட்டு ஏமாந்த விவசாயிகள் இங்கே ஏராளம்.

கோடையின் ஈரத்துக்கும் சலனமின்மைக்கும் இன்னொரு விளைவு உண்டு. விரிகுடாவில் ஆறுகள் கொண்டுவரும் நல்ல தண்ணீர் மேலேயும், கனமான உப்புத் தண்ணீர் அடியிலும் கலக்காமல் கிடக்கும். அடித்தண்ணீரில் பிராணவாயு தீர்ந்துபோகும். விடியுமுன், கிழக்கிலிருந்து இளங்காற்று வீசி, கடல் ஏற்றமும் சேர்ந்தால், அந்த மூச்சில்லாத தண்ணீர் கிழக்குக் கரையை நோக்கி ஏறும். அதற்கு முன்னால் ஓடிவரும் தட்டைமீனும் நண்டும் இறாலும் கணுக்கால் ஆழத்தில் வந்து ஒதுங்கிக் கிடக்கும். டாஃப்னியிலிருந்து மல்லட் பாயின்ட் வரை இதற்கு ‘ஜூபிலி’ என்று பெயர். தூங்குகிறவர்களைத் தட்டி எழுப்பி, கூடையும் விளக்குமாக ஓடுவார்கள்.

குளிர்கால மழை வேறு ரகம். வடமேற்கிலிருந்து இறங்கும் குளிர்காற்றின் முகப்பு, வளைகுடாவின் வெதுவெதுப்பான ஈரத்தில் மோதி, கவுண்டி முழுவதையும் ஒரே போர்வையாக மூடிப் பெய்யும். முகப்பு நகர்ந்தால் அரை நாள். கடற்கரையை ஒட்டி நின்றுவிட்டால் இரண்டு, மூன்று நாள். வெயில் குறைவு, மரங்களில் பாதிக்கு இலை இல்லை, ஆவியாவதும் குறைவு. பெய்தது அத்தனையும் மண்ணுக்குள் போய், மண் நிரம்பி, மிச்சம் ஃபிஷ் ரிவருக்குள் ஓடும். பிப்ரவரி, மார்ச்சில் டிராக்டர் புதைவது இதனால்தான். அதே நிலத்தில் மே மாதம் இலை சுருள்வதற்கும் காரணம் இருக்கிறது.

அது மண்ணின் கணக்கு. பென்சில் எடுத்துப் போட்டுப் பார்த்துவிடலாம்.

இங்கே பரவலாக இருப்பது மால்பிஸ் வகை மண். மால்பிஸ் என்பது இந்தக் கவுண்டியிலேயே இருக்கும் ஒரு சிற்றூரின் பெயர். மேலே நுண்மணல் கலந்த பொலபொல மண், கீழே போகப் போகச் செம்மஞ்சள் களி, அதற்கும் கீழே இரும்பு இறுகிய சிவப்புத் திட்டுகள். மேல்மண் ஓரடி ஆழத்துக்குப் பிடித்துவைத்துப் பயிருக்குத் தரக்கூடிய நீர் தோராயமாக 1.3 அங்குலம். வேர் இரண்டடி இறங்கியிருந்தால் 2.6 அங்குலம். அதில் பாதியை எடுத்த பிறகு பயிர் திணற ஆரம்பிக்கும். ஆகப் பயிரின் கைச்செலவுக்கு 1.3 அங்குலம். மே கடைசியில் பட்டிழை விடும் மக்காச்சோளம் ஒரு நாளைக்குக் கால் அங்குலம் குடிக்கும். வகுத்தால் ஐந்து நாள். கொஞ்சம் மேகமூட்டம் இருந்தால் ஆறு. ஏழாம் நாள் மதியம் இலை குழல் மாதிரி சுருண்டு நிற்கும்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் மழையின் கதையும் தெரியும். மண்ணில் காலி இடம் ஒன்றரை அங்குலம் என்றால், ஒன்றரை பெய்தாலும் ஐந்து பெய்தாலும் பயிருக்கு ஒன்றுதான். மிச்சம் மூன்றரை அங்குலம் வேருக்குக் கீழே இறங்கிப்போகும் அல்லது சரிவில் ஓடிப்போகும். போகும்போது சும்மாவும் போகாது. ஏற்கெனவே நனைந்த மணலில் 1 அங்குல மழை நைட்ரேட்டை ஓரடி வரை கீழே தள்ளிவிடும். விதைக்கும்போதே தழைச்சத்து முழுவதையும் போட்டவன், ஏப்ரலில் ஒரு பெருமழைக்குப் பிறகு வெளிறிய பயிரைப் பார்த்துக்கொண்டு நிற்பான். விதைக்கும்போது கால் பங்கு, நான்கு முதல் ஆறு வாரத்தில் மீதி என்று பிரித்துப் போடுவதைத் தவிர வேறு மருந்து கிடையாது. சுண்ணாம்புச் சத்தும் அப்படித்தான் கழுவப்படுகிறது. அமிலம் ஏறிய மண்ணுக்குச் சில ஆண்டுக்கு ஒருமுறை சுண்ணாம்புத்தூள் இட்டே ஆக வேண்டும்.

வேர் இரண்டடி இறங்கும் என்று எடுத்துக்கொண்டோமே, அதற்கும் ஒரு தடை உண்டு. மணலும் கொஞ்சம் களியும் கலந்த இந்த மண்ணில் கனமான இயந்திரங்கள் ஓடி ஓடி, 8 முதல் 12 அங்குல ஆழத்தில் ஓர் இறுகிய தட்டு உருவாகிவிடும். வேர் அதைத் தொட்டதும் பக்கவாட்டில் திரும்பும். கைச்செலவுக்கு இருந்த 1.3 அங்குலம் பாதியாகக் குறையும். ஆறு நாள் மூன்று நாளாகும். மழை போதவில்லை என்று புலம்புகிற வயல்களில் பாதிக்கு மேல் தோண்டிப் பார்த்தால் குற்றம் வானத்தில் இருக்காது. ஒரு கம்பியை மண்ணில் அழுத்திப் பாருங்கள்: நெய்யில் இறங்குவதுபோல் இறங்கி, ஓரிடத்தில் கல் மாதிரி நின்று, பலம் கொடுத்தால் படக்கென்று மறுபடி இறங்கும். நின்ற இடம்தான் தட்டு. விதைக்கும் வரிசைக்கு நேர் கீழே 14, 16 அங்குல ஆழத்துக்கு உளிக்கலப்பை விட்டுக் கீறிவிட்டால் வேர் அந்தப் பிளவு வழியே இறங்கிவிடும். கீறுவதற்கு மண் உலர்ந்திருக்க வேண்டும். ஈரத்தில் கீறினால் உடையாது, வழவழவென்று பூசிவிட்டுப் போகும்.

சுழல் பாசனம் வைத்திருப்பவர்களும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. 125 ஏக்கர் வட்டத்துக்கு 1 அங்குலம் பாய்ச்ச வேண்டுமானால் சுமார் 34 லட்சம் கேலன் வேண்டும். ஏக்கருக்கு ஒரு லட்சத்து மூவாயிரம் லிட்டர். நிமிடத்துக்கு 1,000 கேலன் இறைக்கும் பம்பு இருந்தாலும் ஒரு சுற்று முடிய 57 மணி நேரம், ஏறக்குறைய இரண்டரை நாள். பயிர் வாடுவதைக் கண்ணால் பார்த்த பிறகு பொத்தானை அழுத்தினால் வட்டத்தின் கடைசித் துண்டுக்குத் தண்ணீர் போய்ச் சேர்வதற்குள் மகரந்தம் காய்ந்திருக்கும். மூன்றாம் நாளே தொடங்க வேண்டும். தொடங்கிய மறுநாள் 2 அங்குலம் இடித்துக்கொட்டி, போட்ட டீசல் அத்தனையும் கழுவிக்கொண்டு போகும் நாளும் வரும். அதைச் செலவுக் கணக்கில் எழுதிவிட்டு அடுத்த சுற்றுக்குத் தயாராவதுதான் இங்கே விவசாயம்.

கடலை இந்த மண்ணுக்குக் கொஞ்சம் ஒத்துப்போகும் பயிர். ஒரு வாரம் காய்ந்தாலும் தாங்கும், மழை வந்ததும் மீண்டும் பூக்கும். அதற்கான இரண்டு கண்டங்கள் வேறு. முதலாவது சுண்ணாம்புச் சத்து. கடலையின் காய் தனக்கு வேண்டிய கால்சியத்தை வேர் வழியாக வாங்குவதில்லை. விழுது இறங்கிக் காய் பிடிக்கும் மேல் 3 அங்குல மண்ணிலிருந்து நேரடியாக உறிஞ்சிக்கொள்கிறது. அந்த 3 அங்குலத்தைத்தான் இங்கத்திய மழை முதலில் கழுவுகிறது. பூக்கத் தொடங்கும்போது ஏக்கருக்கு 1,000 பவுண்டு வரை ஜிப்சம் தூவுவது அதற்காக. முன்கூட்டியே போட்டால் ஒரு பெருமழை கொண்டுபோய்விடும். போடாமல் விட்டால் செடி செழிப்பாக இருக்கும், பிடுங்கினால் பாதி பொக்கு. மழையே இல்லாமல் மேல்மண் காய்ந்து கிடந்தாலும் இதே பொக்குதான். ஜிப்சம் கரைந்தால்தானே காய்க்குள் போகும்?

இரண்டாவது கண்டம் செப்டம்பர். நட்டு 140 நாள் வாக்கில் காய் முற்றும். முற்றியதை நாளை வைத்து முடிவு செய்வதில்லை. நாலைந்து இடத்தில் செடி பிடுங்கி, காய்களைக் கம்பிக் கூடையில் போட்டு, உயர் அழுத்தத் தண்ணீரைப் பீய்ச்சி மேல்தோலை உரிப்பார்கள். உள்தோலின் நிறம் வெளியே தெரியும்: வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, பழுப்பு, கறுப்பு. கறுப்பும் பழுப்பும் எத்தனை பங்கு என்று பலகையில் அடுக்கிப் பார்த்தால், தோண்ட இன்னும் எத்தனை நாள் என்று சொல்லிவிடலாம். தோண்டிய செடியைத் தலைகீழாகப் புரட்டி, காய் மேலே தெரிய வரிசையாகப் போட்டு, மூன்று நாள் வெயிலில் காயவிட்டுப் பிறகு இயந்திரத்தில் பிரிப்பார்கள். மூன்று நாள் வெயில். சூறாவளிப் பருவத்தின் உச்சத்தில் அதைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

புயல் வருகிறது, காய் முற்றிவிட்டது: தோண்டுவதா, விடுவதா? முதல்முறை செய்பவர்கள் பதறிப்போய்த் தோண்டிவிடுவார்கள். பெரும்பாலும் அது தவறு. மண்ணுக்குள் இருக்கும் காய் மழையை ஓரளவு தாங்கும். பிடுங்கிப் புரட்டிப் போட்ட காய் நாலைந்து நாள் நனைந்தால் காம்பு அழுகிக் கழன்றுவிடும். இயந்திரம் செடியை மட்டும் வாரும், காய் தரையிலேயே கிடக்கும். பருத்திக்கு இந்தத் தேர்வும் கிடையாது. வெடித்து நிற்கும் காயில் மழை அடித்தால் பஞ்சு நூல் நூலாகத் தொங்கும். விட்டுவிட்டு நனைந்தால் காய்க்குள்ளேயே விதை முளைக்கும்.

சூறாவளி என்றதும் எல்லோரும் அதன் வகையைக் கேட்பார்கள். ஒன்றா, இரண்டா, மூன்றா? அது காற்றின் கணக்கு. மழையின் கணக்கு, புயல் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதில் இருக்கிறது. நகரும் வேகத்தை ‘நாட்’ கணக்கில், அதாவது மணிக்கு எத்தனை கடல் மைல் என்று எடுத்து, 100-ஐ அதால் வகுத்தால் எத்தனை அங்குலம் மழை பெய்யக்கூடும் என்று வரும். பழைய கைக்கணக்கு, ஆனால் கைவிடாது. 10 ‘நாட்’ வேகத்தில் கடக்கும் புயல் 10 அங்குலம். 3 ‘நாட்’ வேகத்தில் ஊர்ந்தால் 33.

பால்ட்வினுக்கு இதை விளக்க ஒரே தேதி போதும். 2004 செப்டம்பர் 16 அதிகாலை ஐவன் மூன்றாம் வகைப் புயலாகக் கல்ஃப் ஷோர்ஸுக்குச் சற்று மேற்கே கரையேறியது. சரியாகப் பதினாறு ஆண்டு கழித்து, 2020 செப்டம்பர் 16 அதிகாலை, சாலி இரண்டாம் வகைப் புயலாகக் கல்ஃப் ஷோர்ஸிலேயே ஏறியது. ஐவன் காற்றாலும் கடல் பொங்கியும் அழித்தது. சாலி மனிதன் நடக்கும் வேகத்தில் வந்தது. தெற்கு பால்ட்வினில் சில இடங்களில் 20 அங்குலத்துக்கு மேல் கொட்டித் தீர்த்தது. நிலம் கூழான பிறகு காற்றும் அடித்ததால், பீக்கன் மரங்கள் முறியவில்லை, வேர்த்தட்டோடு சாய்ந்தன. அதற்கு முன்னால் 1997 ஜூலையில் டேனி. முதல் வகைதான். விரிகுடாவுக்குள் நுழைந்து கிளம்ப மனமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு மல்லட் பாயின்ட் அருகே கரையேறியது. விரிகுடா வாயில் இருக்கும் டாஃபின் தீவில் 36 அங்குலத்துக்கு மேல் பதிவானது. முதல் வகைதானே என்று அசட்டையாக இருந்தவர்களுக்கு அது ஒரு பாடம்.

வீட்டுக்காரர்கள் பார்க்க வேண்டியது கூரை. ஓடுபோல அடுக்கிய தார் அட்டைகளைக் காற்று உரித்துக்கொண்டு போவதால் மட்டும் வீடு நாசமாவதில்லை. அதற்குப் பிறகு பலகை இடுக்குகள் வழியே இறங்கும் மழைதான் உட்கூரையையும் சுவரையும் ஊறவைக்கிறது. பலகைகளை வளையப்பள்ளம் வெட்டிய ஆணியால் நெருக்கமாக அடித்து, இணைப்புகள் மீதெல்லாம் 4 அங்குல ஒட்டுநாடா ஓட்டிய பிறகு தார் அட்டை போட்டால், அட்டை பறந்தாலும் வீடு பெரிதாக நனையாது. கூரை மாற்றும்போது கூடுதல் செலவு கொஞ்சம்தான். பிறகு சேர்ப்பது நடக்காத காரியம். வெள்ளக் காப்பீடு எடுப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: கூட்டரசின் வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் பணம் கட்டி 30 நாள் கழித்துத்தான் பொதுவாகப் பாதுகாப்பு தொடங்கும். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு தேடினால் பயனில்லை.

குளிர்காலத்தில் கிராமப்புற வீடுகளின் தலைவலி செப்டிக் டேங்க். சாக்கடை இணைப்பு இல்லாத இடங்களில் கழிவுநீர் தொட்டியிலிருந்து மண்ணுக்குள் கசிந்து இறங்க வேண்டும். மண்ணே நிரம்பியிருந்தால் எங்கே இறங்கும்? பிப்ரவரியில் கழிப்பறை குடகுடவென்று சத்தம் போட்டால் அடைப்பு என்று கம்பி விடாதீர்கள். முதலில் மழைக்கணக்கைப் பாருங்கள். நிலம் வாங்கும்போது அக்டோபர் வெயிலில் பார்த்தால் எல்லா மனையும் உலர்ந்துதான் இருக்கும். மண்வெட்டியால் மூன்றடி தோண்டிப் பாருங்கள். செம்மஞ்சள் மண்ணில் சாம்பல் நிறப் புள்ளிகள் எந்த ஆழத்தில் தொடங்குகின்றனவோ, குளிர்காலத்தில் தண்ணீர் அந்த மட்டம் வரை ஏறி நாள்கணக்கில் நிற்கிறது என்று பொருள். மண்ணில் இருக்கும் இரும்பு காற்றில்லாமல் நிறம் இழந்த தடயம் அது. விற்பவர் மறைக்க முடியாது. இன்னொன்று: நிலத்தடி நீர் ஏறியிருக்கும் வாரத்தில் தொட்டியைக் காலி செய்யச் சொல்லாதீர்கள். காலித் தொட்டி தோணி மாதிரி மிதந்து, குழாய்களைப் பிய்த்துக்கொண்டு மேலே வந்துவிடும்.

மழை பெய்யாத நாளிலும் தண்ணீர் வீட்டுக்குள் வந்துகொண்டுதான் இருக்கிறது, காற்றின் வழியாக. ஈரப்பதம் 63 சதவீதம், 94 சதவீதம் என்று கேட்டுப் பயப்படுவதில் பொருளில்லை. பார்க்க வேண்டியது பனிநிலை: காற்றை எத்தனை பாகைக்குக் குளிர்வித்தால் நீர் முத்து முத்தாகத் துளிர்க்கும் என்ற வெப்பநிலை. ஜூலையில் இங்கே அது 24 பாகையை ஒட்டியே நிற்கும். காலை 25 பாகையில் அதே காற்று 94 சதவீதம் காட்டும், மதியம் 32 பாகையில் 63 காட்டும். தண்ணீர் ஒரு சொட்டும் குறையவில்லை. வீட்டுக்குள் ஏசி 21-இல் ஓடினால், வெளிக்காற்று கசிந்து வந்து தொடும் சுவர், குழாய், அலமாரியின் முதுகு எல்லாம் வியர்க்கும். வியர்த்த இடத்தில் ஒரு வாரத்தில் பூசணம்.

ஏசி பெரிதாக இருந்தால் நல்லது என்று இரண்டரை டன் போதுமான வீட்டுக்கு நாலு டன் மாட்டுவது இந்தப் பகுதியில் அடிக்கடி நடக்கும் தவறு. பெரிய ஏசி பத்து நிமிடத்தில் அறையைக் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். சுருளில் படிந்த ஈரம் சொட்டி வடிவதற்குள் ஓட்டம் முடிந்துபோகும். அறை ஜில்லென்று, கசகசவென்று இருக்கும். காற்றாடியைத் தானியங்கி நிலையில் வைக்காமல் எப்போதும் ஓட விட்டால் இன்னும் மோசம். சுருளில் மிஞ்சிய ஈரத்தை அறைக்கே திருப்பி ஊதும். சரியான அளவு ஏசி புழுக்கமான நாளில் 20 லிட்டருக்கு மேல் தண்ணீர் எடுக்கும். அது வெளியேறும் முக்கால் அங்குல பிவிசி குழாயில் பாசி சேர்ந்து அடைத்துக்கொள்வது வாடிக்கை. மாதம் ஒரு கோப்பை வினிகர் ஊற்றினால் போதும். அடைத்துவிட்டால் வெளிமுனையில் ஈர வாக்குவம் வைத்து உறிஞ்சுங்கள். ஊதினால் அழுக்கு உள்ளே போகும்.

இந்தக் கணக்கெல்லாம் சரியாக வர வேண்டுமானால் மழையை அவரவர் இடத்தில் அளக்க வேண்டும். தெற்கு அலபாமா பல்கலைக்கழகம் நடத்தும் தானியங்கி நிலையங்கள் கவுண்டியில் பல ஊர்களில் இருக்கின்றன. ஆனால் கோடை இடிமழைக்கு அடுத்த ஊர் அளவு உதவாது. தானாக எண்ணும் கவிழ்கிண்ண மானி வசதிதான். கொட்டும் மழையில் ஒவ்வொரு முறை கிண்ணம் கவிழும் நொடியிலும் கொஞ்சம் தவறவிடும். மழை எவ்வளவு பலமோ அவ்வளவு குறைத்துக் காட்டும். நம்பத்தக்கது 4 அங்குல வாய் கொண்ட சாதாரண பிளாஸ்டிக் மழைமானி. கொலராடோவில் 1997-இல் ஃபோர்ட் காலின்ஸ் நகரில் வந்த வெள்ளத்துக்குப் பிறகு, 1998-இல் அங்கே தொடங்கிய தன்னார்வ மழை அளப்போர் வலையமைப்பு பயன்படுத்துவதும் இதைத்தான்.

புனலின் வாய்ப்பரப்பில் பத்தில் ஒரு பங்குதான் உள்குழாயின் பரப்பு. அதனால் 1 அங்குல மழை உள்குழாயில் 10 அங்குலமாக நிமிர்ந்து நிற்கும், 0.01 அங்குலத்தைக்கூடக் கோடு பார்த்துப் படிக்கலாம். உள்குழாய் நிரம்பியதும் வெளிக்குழாயில் வழியும். மொத்தம் 11 அங்குலம் கொள்ளும். சாலி மாதிரிப் புயலில் இடையில் ஒருமுறை காலி செய்யாவிட்டால் கணக்கு அதோடு சரி. வழிந்த நாளில் முதலில் உள்குழாயைப் படித்து எழுதிக்கொண்டு கொட்டிவிட வேண்டும். பிறகு வெளிக்குழாய்த் தண்ணீரைப் புனல் வழியே உள்குழாயில் நிறைத்து நிறைத்து அளந்து கூட்ட வேண்டும். தண்ணீரின் மேல்மட்டம் குழிந்திருக்கும். குழியின் அடியைப் படியுங்கள், ஓரத்தை அல்ல.

மரமோ கூரையோ எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளி நடுங்கள். தூணின் தலையை மானிக்கு எதிர்ப்பக்கம் சாய்வாகச் சீவிவிட்டால் தூணில் பட்ட துளி உள்ளே தெறிக்காது. பிப்ரவரி கடைசியில் பைன் மகரந்தம் மஞ்சள் மாவாக இறங்கிப் புனலை அடைக்கும். ஜூனில் குளவி கூடு வைக்கும். ஆகஸ்டில் மூடியைத் திறந்தால் பச்சைத் தவளை ஒன்று குளித்துக்கொண்டிருக்கும். அதன் உடம்பு பிடித்த இடத்தையும் சேர்த்து மழையாக எழுதிவிடாதீர்கள். உறையும் இரவுகளில் புனலையும் உள்குழாயையும் எடுத்து உள்ளே வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் விரிந்து பிளக்கும். இங்கேயா பனி என்று கேட்பவர்களுக்கு: 2025 ஜனவரி 21 அன்று மொபைலில் 7.5 அங்குல உறைபனி விழுந்தது.

தினமும் காலை 7 மணிக்குப் படித்து எழுத வேண்டும். பிசுபிசுத்து அளக்க முடியாமல் போனால் ‘சொட்டு’ என்று எழுதுங்கள். பெய்யாத நாளில் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது, 0.00 என்று எழுத வேண்டும். காலிக் கட்டம் என்றால் யாரும் பார்க்கவில்லை என்று பொருள்; பூஜ்யம் என்றால் பார்த்தாயிற்று, பெய்யவில்லை. மே மாத ஏட்டில் அந்தப் பூஜ்யங்கள் மூன்று வரிசையாக வந்துவிட்டால் பம்பைத் தொடங்கும் நாள் அதுதான்.